நாலாவது அறையில் நின்றவள்

ஒரு பாட்டுப் படத்தை ஓடவிட்டு, அதற்குள் யார் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று ஊரே தேடும் என்பது இரண்டு மாதத்துக்கு முன்னால் வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

எங்கள் சட்டைக் கம்பெனியின் செக்கிங் அறையில் ஐந்து பேர். நீள மேசை, தலைக்கு மேல் நாலு டியூப் லைட். தைத்து வருகிற சட்டைகளை விரித்துப் பார்ப்போம். பிசிறு நூலை வெட்டுவோம். தையல் விட்டிருந்தாலோ, கறை இருந்தாலோ, அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அம்பு காட்டுகிற இடத்தில் குறை. அம்பு இல்லாத சட்டை பாஸ், நேரே இஸ்திரிக்காரரிடம் போகும். அவ்வளவுதான் வேலை.

நான் துணி மில்லில் முப்பத்தொரு வருஷம் இதையே செய்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் என் பெண்டாட்டிக்கும் எனக்கும் ஆகாது என்பதால் இங்கே வந்து சேர்ந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. யாரையும் சட்டென்று நம்ப மாட்டேன். கடைக்காரன் கொடுக்கிற பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். டாக்டர் சொன்னாலும் இன்னொரு டாக்டரிடம் கேட்பேன். அந்தக் குணத்துக்கு இந்தத் தொழில் தோதாக இருந்தது.

எனக்கு எதிரில் உட்காருகிற பெண்ணை எல்லோரும் ரேடியோ என்பார்கள். காலையில் கைப்பையை மாட்டும்போது தொடங்குகிற பேச்சு, சாயங்காலம் எடுத்துக்கொண்டு போகும்போதும் முடிந்திருக்காது. அவள்தான் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து அந்தப் பாட்டைப் போட்டாள். ஒரு பாடகி வீடு ஒன்றுக்குள் நுழைந்து, அறை அறையாக நடந்து கொண்டே பாடுகிறாள். ஏழு அறை. ஒவ்வொரு அறையிலும் யாராரோ நிற்கிறார்கள், என்னென்னவோ கிடக்கிறது.

"இதுல இருபத்திரண்டு விஷயம் ஒளிச்சு வெச்சிருக்காங்களாம். அந்தப் பாடகியே சொல்லியிருக்காங்க," என்றாள் ரேடியோ. "பழைய பாட்டுல வந்த ஆளுங்க, பொருளுங்க, பாட்டு எழுதினவரு, எல்லாம் உள்ள இருக்கு. நெட்டுல எல்லாரும் தேடித் தேடி பதினெட்டு கண்டுபிடிச்சுட்டாங்க. மீதி நாலு யாருக்கும் சிக்கல."

"ஒளிச்சு வெச்சவனே எண்ணிக்கையைச் சொல்றான். அத நம்பி நீ தேடுற," என்றேன்.

"ஐயா, ஒரு தடவ பாருங்களேன். சட்டைக்கு மட்டும்தான் கண்ணா?"

அந்தப் பேச்சு என்னைக் குத்திவிட்டது. பார்த்தேன். எல்லோரும் பாடகியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணி பார்க்கிறவன் நடுவில் பார்க்க மாட்டான். குறை கரையோரத்தில்தான் பதுங்கும். முதல் தடவையிலேயே சொன்னேன்: "ரெண்டாவது ரூம்ல ஜன்னலுக்கு வெளிய குடை பிடிச்சுட்டு ஒருத்தன் போறான். குடையில ஒரு கம்பி ஒடிஞ்சிருக்கு."

ரேடியோ நிறுத்திப் பார்த்தாள். வாயைப் பிளந்தாள். பாடகியின் முதல் பாட்டில் மழையில் ஒடிந்த குடையாம் அது. பத்தொன்பது.

மறுநாள் ஆறாவது அறை அலமாரியில் ஒரு பாட்டில் மூடி தலைகீழாக இருப்பதைச் சொன்னேன். அதற்குள் பாடகியின் வேறொரு பாட்டின் பெயர் எழுதியிருந்ததாம். அதற்கு அடுத்த வாரம், கடைசி அறையில் திரைச்சீலைக்குக் கீழே தெரிகிற செருப்பு, முதல் அறையில் மேளம் அடித்தவனின் செருப்பு என்றேன். அவன் பாட்டு முழுக்க அறை அறையாக ஒளிந்து வந்திருக்கிறான். இருபத்தொன்று.

அதோடு எனக்கு எக்ஸ்ரே என்று பேர் விழுந்துவிட்டது. தையல் பிரிவிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்து, "எந்தப் பெரியவர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சூப்பர்வைசர் டீ வாங்கிக் கொடுத்தான். அறுபத்தேழு வயதில் தலைகால் புரியவில்லை எனக்கு. ரேடியோவிடம் சொல்லி அந்தப் பாட்டை என் போனிலும் ஏற்றிக்கொண்டேன். பஸ்ஸில் பார்த்தேன், கழிவறை வாசலில் வரிசையில் நிற்கும்போது பார்த்தேன். நாற்பது தடவைக்குக் குறையாது.

ஒரு நாள் ரேடியோ நாலாவது அறையில் நிறுத்தி, "இது யாருங்க ஐயா? இந்தத் தட்டு தூக்கிட்டு நிக்கிறவங்க? ஏதோ பெரிய ஆளா இருக்குமோ?" என்று கேட்டாள்.

அந்த அறையில் ஆறேழு ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். முடியைக் குட்டையாக வெட்டிய ஒருத்தி டம்ளர் அடுக்கிய தட்டோடு ஓரமாக நிற்பாள். பாடகி கடந்து போகும்போது ஒரு நொடி கன்னத்தைத் திருப்புவாள். அவ்வளவுதான்.

"தட்டு தூக்குறவ எல்லாம் பெரிய ஆளா? கூலிக்கு வந்த பொண்ணு. அவள விடு, பின்னாடி கடிகாரத்தப் பாரு," என்றேன்.

நான் சொன்னால் அப்பீல் இல்லை. ரேடியோ நகர்த்திவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் என் பெண்டாட்டி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் உட்கார்ந்து பாட்டைப் போட்டேன். குடையைக் காட்டினேன், மூடியைக் காட்டினேன், செருப்பைக் காட்டினேன். நான் இவ்வளவு பேசினால் வழக்கமாக எழுந்து போய்விடுகிறவள் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி," என்றேன். "திங்கட்கிழமைக்குள்ள பிடிச்சுருவேன்."

"நீங்களா?"

"ஏன், நான் பிடிக்க மாட்டேனா? மத்ததெல்லாம் யாரு பிடிச்சா?"

அவள் மடித்த துண்டை வைத்துவிட்டு என் கையிலிருந்து போனை வாங்கினாள். விரலால் இழுத்தாள். நாலாவது அறையில், அந்தப் பெண் கன்னத்தைத் திருப்புகிற இடத்தில், ஒரே தடவையில் சரியாக நிறுத்தினாள். இதை முன்னால் பலமுறை நிறுத்திப் பார்த்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. எனக்குத் தெரியாமல் எங்கே பார்த்தாள், எதற்குப் பார்த்தாள் என்றுதான் முதலில் புத்தி போனது.

"இது யாரு?" என்றாள்.

"யாரு?"

"பெத்த பொண்ணு மூஞ்சி தெரியல. பாட்டில் மூடி தெரியுது."

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். முடிதான் வேறு. நெற்றி, மூக்கு, தட்டைப் பிடிக்கும்போது சுண்டுவிரல் தனியாக நிற்பது எல்லாம் அவள். ஆறு வருஷமாக நான் பார்க்காத என் மகள். வேறு ஊரில் ஏதோ அட்டை வெட்டி ஒட்டுகிற வேலை என்று யார் கேட்டாலும் சொல்லிவந்தேன். அது படம் எடுக்கிற இடங்களில் வீடும் வீதியும் செய்கிற வேலை என்று பெண்டாட்டி அப்போதுதான் சொன்னாள். அந்த ஏழு அறைகளையும் கட்டியவர்களில் என் மகளும் ஒருத்தி. நான் வேலைக்குப் போன பிறகு அவர்கள் இருவரும் தினமும் பேசுகிறார்களாம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? செவுத்துல எங்க பெயிண்ட் விட்டிருக்குன்னு பார்ப்பீங்க."

பிறகு அவள் விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். மகளின் இடது காதுக்குக் கீழே நகம் அளவுக்கு ஒரு மச்சம் உண்டு, பிறந்ததிலிருந்து. அந்த மச்சத்துக்குப் பக்கத்தில், கன்னத்தில், சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. அம்பு மச்சத்தைக் காட்டியது.

நாள் முழுக்கக் கையில் வைத்துப் பிரிக்கிற ஸ்டிக்கர் அது. எங்கள் கண்ணில் அது படவே படாது. அம்பு காட்டுகிற இடத்துக்குக் கண் ஓடுமே தவிர அம்பில் நிற்காது. செக்கிங் அறையில் ஐந்து பேர் இரண்டு மாதமாகப் பார்த்தும் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். எனக்கு இன்னும் ஒன்று தோன்றியது, சொல்லவே கூசுகிறது. அம்பின் வால் கொஞ்சம் நீளம், இது கம்பெனி ஸ்டிக்கர் இல்லை, கையால் வெட்டியது என்று தோன்றியது. அந்த நேரத்திலும் என் கண் அதைத்தான் பார்த்தது.

நடந்ததை இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது.

மில்லில் என்னைத் தலைமை செக்கர் ஆக்கிய வாரம், கூட வேலை செய்தவர்கள் ஆறு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அந்த வயதில் அவள் முடியை இடது பக்கமாக இழுத்து விட்டு மச்சத்தை மறைத்துக்கொண்டு திரிவாள். எனக்கு அது கோமாளித்தனமாகப் பட்டது. எங்கள் வீட்டில் நான் ஸ்டிக்கர் ஒட்டாத பொருள் கிடையாது. சரியாகக் கழுவாத தட்டில் ஒட்டுவேன். அவள் நோட்டில் கோணலான எழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். வாயால் திட்டவில்லையே, அடிக்கவில்லையே என்று பெருமை வேறு.

அன்றைக்கு அவள் டீத்தட்டோடு வந்தாள். ஒருவன், "அண்ணன் கண்ணுக்கு எந்த டேமேஜும் தப்பாது," என்றான். சட்டைப்பையில் ஸ்டிக்கர் சுருள் இருந்தது. அவள் எனக்கு முன்னால் குனிந்தபோது முடியை ஒதுக்கி, ஒன்றைப் பிரித்து அவள் கன்னத்தில் ஒட்டினேன். "என் வீட்டுலயே ஒரு டேமேஜ் பீஸ் இருக்கே," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் அவளால் அதை எடுக்க முடியவில்லை. வந்திருந்த ஆறு பேருக்கும் அப்படியே குனிந்து குனிந்து டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

இத்தனை வருஷத்தில் அந்த நாளை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைத்திருந்தாலும் நல்ல நாள் என்றுதான் நினைத்திருப்பேன்.

திங்கட்கிழமை அறைக்குள் நுழைந்ததும் ரேடியோ, "என்ன ஐயா, இருபத்திரண்டு?" என்றாள்.

"கெடைக்கல."

"உங்களுக்கேவா?"

"கெடைக்கலன்னா கெடைக்கல. வேலையப் பாரு."

அவள் விடுகிற ஆளா. சாப்பாட்டு நேரத்தில் பிடிவாதமாகப் போனைச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு அறையையும் பெரிதாக்கி மேய்ந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நாலாவது அறை வந்தது. ரேடியோ கத்தியே விட்டாள்.

"ஐயோ, இது நம்ம ஸ்டிக்கர்!"

எல்லோரும் தலையைக் கொண்டுபோய்க் கவிழ்த்தார்கள். இஸ்திரிக்காரர் பெட்டியைக் கூட அணைக்காமல் ஓடி வந்தார்.

"ஆமாம்டி, அம்புதான்!"

"மச்சத்தக் காட்டுது பாரு."

"எவன் இந்த வேலையப் பண்ணினது? ஒரு பொண்ணு மூஞ்சியில போய் ஒட்டுவானா? சட்டையா அது?" என்றாள் ரேடியோ. பிறகு என்னைப் பார்த்தாள். "ஐயா, நீங்க சொல்லுங்க. இதுதானே இருபத்திரண்டு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அது ஸ்டிக்கர் இல்ல. படத்துல விழுந்த கோளாறு. ஏதோ வெளிச்சம்."

"அம்பு மாதிரியே இருக்குதே?"

"நான் சொல்றேன்ல. கோளாறு."

"பெரியவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று இஸ்திரிக்காரர் திரும்பிப் போனார். ரேடியோவின் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் நம்பினாள். நான் எக்ஸ்ரே அல்லவா.

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தப்பான பீஸைத் தெரிந்தே பாஸ் பண்ணியதில்லை நான். அன்று மத்தியானம் எத்தனை சட்டை பார்த்தேன், என்ன பார்த்தேன் என்று தெரியாது. முதலில் மகள் கன்னத்தில் ஒட்டினேன். பிறகு கூலிக்கு வந்தவள் என்றேன். இப்போது கோளாறு என்று சொல்லிவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டீ வந்தது. எல்லோரும் டம்ளரை எடுக்கும்வரை காத்திருந்தேன்.

"அது ஸ்டிக்கர்தான்," என்றேன். "அந்தப் பொண்ணு என் மக. அவ கன்னத்துல முதல்ல ஒட்டினவன் நான்தான்."

மூலையில் உட்காருகிற பெண் சிரித்தாள். "போங்க ஐயா. இப்பத்தான் கோளாறுன்னீங்க, அதுக்குள்ள மகளா? நாளைக்குப் பாடகி என் மருமகள்னு சொல்வீங்க."

"நெசம்மா."

"அப்ப ஒரு கையெழுத்து வாங்கிக் குடுங்க!"

யாரும் நம்பவில்லை. நம்ப வைக்க வேண்டுமென்றால் முழுதையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். டேமேஜ் பீஸ் என்று சொன்னதையும் சொன்னேன். சிரித்த பெண் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் யாரும் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார்கள்.

ரேடியோதான் முதலில் பேசினாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் இத நெட்டுல எங்கயும் எழுத மாட்டேன் ஐயா. பயப்படாதீங்க."

நான் பயந்துபோய்ச் சொன்னதாக அவள் நினைத்துவிட்டாள். அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியே இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

டீக்கு வந்த இஸ்திரிக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். "அன்னைக்கு அப்புறம் பொண்ணு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார். குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியாது," என்றேன். "வந்தவங்கள பஸ் ஏத்திவிடப் போயிட்டேன்."

வீட்டுக்குப் போனதும் அதையே பெண்டாட்டியிடம் கேட்டேன். அவள் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"எடுக்கவே இல்ல. நான் எடுக்கப் போனேன், தட்டிவிட்டா. 'அப்பா வந்து எடுக்கட்டும்'னா. நீங்க வந்தீங்க, சாப்பிட்டீங்க, படுத்தீங்க. அவ எதுருலதான் உக்காந்திருந்தா. அவ தூங்கினப்புறம் நான்தான் எண்ணெய் தொட்டு எடுத்தேன். தோல் செவந்து போச்சு."

எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், கன்னத்தில் அம்போடு. நான் சோறு தின்றிருக்கிறேன்.

"போன் போட்டுக் குடு," என்றேன்.

"எதுக்கு?"

"குடுன்னா குடேன்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவளுடைய போனிலேயே போட்டுக் கொடுத்தாள். மறுமுனையில் ரம்பம் அறுக்கிற சத்தம் கேட்டது.

"சொல்லும்மா."

"நான்தான்."

ரம்பச் சத்தம் தூரமாகப் போனது. எங்கேயோ தள்ளி வந்துவிட்டாள் போல.

"அம்மாவுக்கு என்னாச்சு?"

ஆறு வருஷம் கழித்து நான் கூப்பிட்டால் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"அவ நல்லாத்தான் இருக்கா. நான் பாட்டு பார்த்தேன். நீ தட்டோட நிக்கிறது."

"நீங்களே பார்த்தீங்களா, அம்மா காட்டினாங்களா?"

நானே பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். பெண்டாட்டி பக்கத்தில் நின்றாலும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள்.

"அம்மா காட்டினா. நான் நாப்பது தடவ பார்த்தேன். உன்னையத் தெரியல. கூலிக்கு வந்த பொண்ணுன்னு சொன்னேன், வேலை செய்யற எடத்துல."

அவள் லேசாகச் சிரித்தாள். கோபச் சிரிப்பா என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

"கூலிக்குத்தான்ப்பா நின்னேன். நிக்க வேண்டிய பொண்ணு வரல, என்னை நிக்கச் சொன்னாங்க. மேக்கப் போடுற அக்கா மச்சத்த மறைச்சிரட்டுமான்னு கேட்டாங்க. வேணாம்னேன். கையில தட்டு, சுத்தி ஆம்பளைங்க. என்னமோ ஆச்சு. செவப்புக் காகிதத்துல வெட்டி நானே ஒட்டிக்கிட்டேன். பாடகி என்னன்னு கேட்டாங்க, சொன்னேன். அவங்கதான் அதையும் இருபத்திரண்டுல சேர்த்துட்டாங்க."

"நான் பார்க்கணும்னு..."

"இல்லப்பா. நீங்க பாட்டெல்லாம் பார்ப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. உங்களுக்காக வெக்கல."

அது சவுக்கால் அடித்த மாதிரி விழுந்தது. இரண்டு நாளாக அது எனக்கு அனுப்பிய கடிதம், எனக்குக் கொடுத்த தண்டனை என்றெல்லாம் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் நான்தான் நடுவில் நிற்க வேண்டும் எனக்கு.

"நான் பண்ணினது தப்பு," என்றேன். "அன்னைக்கு. நீ எதுருல உக்காந்திருந்தியாம். அதுவும் இன்னைக்குத்தான் தெரியும்."

"ம்."

மன்னித்துவிடு என்று கேட்க எனக்குப் பழக்கமில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பாரத்தையும் அவள் தலையில் வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தைரியம் வரவில்லை என்றும் சொல்லலாம்.

"இங்க பசை காயுதுப்பா. போகணும்," என்றாள். "அம்மாகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க."

கொடுத்தேன். பெண்டாட்டி போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமாடி... ஆமா... இல்ல, அவராத்தான் கேட்டாரு," என்றாள். பிறகு பேச்சு வேறு எங்கோ போனது. மாடி வீட்டுக்காரி பைப்பைத் திறந்து போட்டுவிட்டுப் போன கதை. நடுவில் அந்தப் பக்கம் மகள் என்னவோ சொல்ல, இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பால் பொங்கிவந்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.